இருபது வருஷம் ஓட்டிய விமானிகளுக்கு இன்னும் அந்த வேலை பிடிக்கிறதா?

பந்திங்_அத்தை | சனி, இரவு 9.10

வணக்கம். இங்கே விமானிகள் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

அண்ணன் மகன் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு, படித்தால் பைலட் படிப்புதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அண்ணன் தோட்டத்தில் கண்டக்டர், வேலையாட்களை மேற்பார்வை பார்க்கிறவர். அண்ணி தமிழ்ப்பள்ளியில் கேன்டீன் நடத்துகிறார். கட்டணம் மூன்று லட்சம் மலேசிய வெள்ளியைத் தாண்டுகிறது. இபிஎப் சேமநிதிப் பணம், ஜெஞ்சாரோம் பக்கம் வாங்கிப் போட்ட துண்டு நிலம், இரண்டிலும் கை வைத்தால்தான் முடியும்.

பயிற்சிப் பள்ளிக்காரர்கள் நடத்திய விளக்கக் கூட்டத்துக்கும் போய்விட்டு வந்தோம். மேடையில் பேசியது எல்லாம் இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். சட்டை மடிப்புக் கலையாமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. அந்த வயசில் பிடிக்காமல் எப்படி இருக்கும்? எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இருபது, முப்பது வருஷம் ஓட்டியவர்களுக்கு இன்னும் பிடிக்கிறதா, இல்லை கடனுக்காகவும் பழக்கத்துக்காகவும் போய் வருகிறார்களா? சம்பளக் கணக்கு வேண்டாம், அதை எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். இதை மட்டும் சொல்லுங்கள்.

நாலு_கோடு | சனி, இரவு 10.35

அம்மா, நான் ஓய்வு பெற்ற கேப்டன். கேரித் தீவுத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். 737-400இல் தொடங்கி 777இல் முடித்தேன்.

பறப்பது எனக்குக் கடைசி நாள் வரை பிடித்தது. வேலை சில வருஷம் பிடித்தது, சில வருஷம் பிடிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேட்டால் எந்த விமானியும் உங்களுக்கு நேரான பதில் சொல்ல மாட்டான்.

சூரிய உதயம், மேகக் கூட்டம், ஊர் ஊராகச் சுற்றுவது எல்லாம் முதல் ஐந்து வருஷத்துக்கு. அப்புறம் ருசி வேறு இடத்துக்குப் போய்விடும். எனக்கு அது இறக்கத்தில் இருந்தது. 36,000 அடியில் இருக்கிறீர்கள். எங்கே இறங்கத் தொடங்குவது? ஆயிரம் அடிக்கு மூன்று மைல் என்று ஒரு மனக்கணக்கு உண்டு. 36ஐ மூன்றால் பெருக்கினால் 108 கடல் மைல். வேகத்தைக் குறைக்க இன்னொரு பத்து மைல். பின்காற்று இருந்தால் கூட்டு, எதிர்க்காற்று இருந்தால் குறை. கம்ப்யூட்டரும் இதே கணக்கைப் போட்டுக் காட்டும்தான். ஆனால் தரையிலிருந்து வழி சொல்லும் கண்ட்ரோலர் 'முன்னால் ஒருவர் இருக்கிறார், வேகத்தைக் குறை' என்று சொன்ன நிமிஷமே கம்ப்யூட்டர் கணக்கு காலி. அதற்கு மேல் நம் மண்டைதான்.

இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை ஐடிலுக்கு, அதாவது அடிமட்டத்துக்கு, இழுத்துவிட்டு, நடுவில் ஒரு தரம்கூடத் தள்ளாமல், வேகம் குறைக்கும் ஸ்பீட்பிரேக்கைத் தொடாமல், இறக்கையில் ஃபிளாப்ஸ் விட்டு, கியர் என்கிற சக்கரத்தை இறக்கி, ஆயிரம் அடி வரும்போது எல்லாம் நிலைக்கு வந்து, அப்போதுதான் இன்ஜின் சத்தம் மெல்ல ஏறுகிறது என்றால் அன்றைக்குச் சோறு இனிக்கும். பின்னால் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவருக்கும் அது தெரியாது. பக்கத்துச் சீட்டில் இருப்பவனுக்கு மட்டும் தெரியும். அவனும் வாய் திறந்து சொல்ல மாட்டான்.

என் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ஐம்பதைத் தாண்டிய பிறகும், மரத்தில் காயம் படாமல் பட்டையை இழைத்து எடுப்பதில் அவருக்கு ஒரு கர்வம். சம்பளத்தைத் திட்டுவார், மண்டோர் என்கிற கங்காணியைத் திட்டுவார், விடியலில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டு மணியைத் திட்டுவார். கத்தியைத் திட்டி நான் கேட்டதில்லை. எனக்கும் அப்படித்தான் போனது.

லோரி_மோரிப் | சனி, இரவு 10.52

கேப்டன் அண்ணே, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றையும் ஆட்டோபைலட்டே ஓட்டிவிடும் என்கிறார்களே? சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தால் அலுக்காமல் என்ன செய்யும்? நான் செம்பனை (எண்ணெய்ப்பனை)க் குலை ஏற்றிப் போகிறவன், எனக்குக் கியர் மாற்றியே கை வலிக்கிறது.

வலது_சீட்டு | ஞாயிறு, காலை 7.05

லோரி அண்ணே, இதற்கு நான் பதில் சொல்கிறேன். ஏ320இல் ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி, பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பட்ஜெட் விமானம்.

கையால் ஓட்டுவது கொஞ்ச நேரம்தான், அது உண்மை. கிளம்பிச் சில நிமிஷத்தில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிடுவோம், இறங்கும்போது கடைசிச் சில நிமிஷம் கையில் எடுப்போம். அதிலேயே பழகிக் கை துருப்பிடித்துவிடுகிறது என்று பயந்துதான், முடிந்த இடத்தில் கையால் ஓட்ட விடுங்கள் என்று 2013இல் அமெரிக்க அரசின் விமானத் துறை, விமான நிறுவனங்களுக்கு அறிவுரை அனுப்பியது. அதற்கு முன்னால் 2009இல் ஏர் பிரான்ஸ் 447. வேகம் அளக்கும் குழாயில் பனி அடைத்து ஆட்டோபைலட் கழன்றது, கையில் வந்த விமானத்தை அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. அதைப் படிக்காத விமானி இருக்க மாட்டார்.

ஆனால் அலுப்பு நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. என் ஒரு நாளைச் சொல்கிறேன். பினாங்கு போய் வருவது, ஜொகூர் போய் வருவது, ஆக நாலு செக்டர், அதாவது நாலு தடவை ஏறி இறங்குவது. ஒவ்வொரு இடத்திலும் தரையில் இருப்பது இருபத்தைந்து நிமிஷம். அதற்குள் ஆட்கள் இறங்க வேண்டும், ஏற வேண்டும், எண்ணெய் போட வேண்டும், அடுத்த பிளானைப் பார்க்க வேண்டும், எடைக் கணக்குத் தாளான லோட்ஷீட்டைச் சரிபார்க்க வேண்டும், கொட்டுகிற மழையில் டார்ச்சோடு விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி டயர், பிரேக், இன்ஜின் வாய் எல்லாம் பார்க்க வேண்டும். நனைந்த சட்டையோடு ஏசியில் உட்கார்ந்து பன் கடித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக்கொண்டு இருப்பேன். இதில் அலுப்புக்கு நேரம் ஏது? களைப்புதான்.

சாயங்காலம் நாலு மணிக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கு மேல் எப்படி இடி கட்டும் என்று உங்களுக்கே தெரியும். ராடாரில் சிவப்பாகத் தெரியும். நாலு விமானம் சுற்றிக்கொண்டு இருக்கும். எண்ணெய் இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும், காத்திருப்பதா, சிங்கப்பூருக்கா ஜொகூர் சேனாய்க்கா திருப்புவதா என்று முடிவு எடுக்க வேண்டும். எங்களுக்குச் சம்பளம் அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான். எனக்குப் பிடித்ததும் அதுதான்.

லோரி_மோரிப் | ஞாயிறு, காலை 7.20

விடியற்காலையில் கடல் பக்கம் இருந்து வரும் சுமத்ரா காற்றில் என்ன செய்வீர்கள்? எங்கள் மோரிப்பில் கூரைத் தகரமே பறக்கும்.

வலது_சீட்டு | ஞாயிறு, காலை 7.31

முதலில் உங்கள் தலையில் அடித்துவிட்டு அப்புறம்தான் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு, கேஎல்ஐஏவுக்கு, வரும், அண்ணே. வரிசையாக ஒரு கோடு போல நகரும். ஓடுபாதையைத் தாண்டிப் போகும் வரை காத்திருப்போம். அதற்கென்று எண்ணெய் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிற கேப்டன்களோடு பறக்க எனக்குப் பிடிக்கும்.

ரோஸ்டர்_மனைவி | ஞாயிறு, பிற்பகல் 2.15

இவர்கள் இருவரும் காக்பிட் உள்ளே நடப்பதைச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நடப்பதை நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கேப்டன், நாங்கள் பந்திங்கிலேயே ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம்.

அத்தை, நீங்கள் கேட்க வேண்டியது 'விமானம் ஓட்டப் பிடிக்கிறதா' என்று இல்லை, 'ரோஸ்டர் பிடிக்கிறதா' என்று. எந்த நாள் எந்த வேலை என்று சொல்லும் அந்தத் தாள் மாதத்துக்கு ஒரு தரம் வரும். அதைத் திறக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தே எங்களுக்கு அந்த மாதம் எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். தீபாவளி அன்றைக்கு வீட்டில் இருப்பாரா என்பதை அந்தத் தாள் சொல்லும். மகளுக்குப் பரிசளிப்பு விழா என்றால் லீவுக்கு விண்ணப்பம் போட வேண்டும், பணி மூப்பில் மேலே இருப்பவருக்கும் அதே நாள் வேண்டும் என்றால் முடிந்தது. ஸ்டாண்ட்பை என்று ஒன்று இருக்கிறது. வீட்டில்தான் இருப்பார், ஆனால் இருக்க மாட்டார். போன் அடித்தால் கிளம்ப வேண்டும். கோலா சிலாங்கூர் மின்மினி பார்க்கப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்டால்கூட 'அப்பா இன்றைக்கு ஸ்டாண்ட்பை' என்று சொல்லி நானே பழகிவிட்டேன்.

இரவு முழுக்க ஓட்டிவிட்டுக் காலை எட்டு மணிக்கு வருவார். கறுப்புத் துணி தைத்துப் போட்ட ஜன்னல், காதில் பஞ்சு, அழைப்பு மணிக்கு நான் பேட்டரி கழற்றிவிடுவேன். ஆடி மாதம் வந்தால் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் காலையிலிருந்து ஸ்பீக்கர். சாமி காரியம், யாரிடம் போய்ச் சொல்வது? நடுப்பகலில் எழுந்து வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் வந்து உங்கள் கேள்வியைக் கேட்டீர்கள் என்றால், உங்கள் அண்ணன் மகனைக் கப்பலுக்கு அனுப்பச் சொல்லுவார்.

அதே மனுஷன் சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு மேலே போகிற விமானத்தை அண்ணாந்து பார்த்து, 'சீக்கிரம் கியர் போட்டுவிட்டான்' என்பார். இருபத்திரண்டு வருஷக் கல்யாணத்தில் இது ஒன்றும் மாறவில்லை. பிடிக்கிறதா பிடிக்கவில்லையா, நீங்களே சொல்லுங்கள்.

வளைகுடா_வாசி | ஞாயிறு, இரவு 11.48

எல்லோரும் கடைசியில் 'பிடிக்கிறது' என்றே முடிக்கிறீர்கள். ஒருவராவது மாற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எனக்குப் பிடிக்கவில்லை.

நான் சுங்கை சிப்புட்காரன், இப்போது வளைகுடாவில் பெரிய விமானம் ஓட்டுகிறேன். 2020 வரை நம் நாட்டில்தான் இருந்தேன். மார்ச் 18ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது, கொஞ்ச நாளில் விமானங்கள் வரிசையாக மூக்கில் உறை மாட்டி நின்றன. அப்புறம் வேலை இல்லை என்று கடிதம் வந்தது. நான் இருந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் அதே கதைதான். என்னோடு இருந்தவர்கள் சாப்பாட்டுக் கடை போட்டார்கள், கிராப் டாக்சி ஓட்டினார்கள், ஒருவர் அப்பாவோடு சேர்ந்து மீன் வளர்த்தார். நான் மாமனாரின் டயர் கடையில் கணக்கு எழுதினேன். கடை வாசலில் யாராவது 'கேப்டன்' என்று கூப்பிட்டால் வயிற்றைப் பிசையும்.

மறுபடி வேலை கிடைத்ததே பெரிய விஷயம், மறுக்கவில்லை. சம்பளம் நல்ல சம்பளம். ஆனால் இங்கே நீண்ட தூரம் என்றால் நாலு விமானிகள், முறை வைத்துத் தூங்குவோம். தரையிறக்கம் ஒருவருக்குத்தான் கிடைக்கும். தொண்ணூறு நாளுக்குள் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்று விதி. சில மாதம் எனக்கு அது தரையில் இருக்கும் பயிற்சி இயந்திரமான சிமுலேட்டரில்தான் நிறைகிறது. நாலு_கோடு ஐயா சொன்ன அந்த இறக்கத்தின் ருசிக்கு என் கையில் விமானம் வந்தால்தானே? விடியற்காலை மூன்று மணிக்கு, உடம்பு எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறது என்றே தெரியாமல், கறுப்பு வானத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணெய்க் கணக்கை எழுதிக்கொண்டு இருக்கிறேன். பிள்ளைகள் ஈப்போவில் அவர்கள் அம்மாவோடு வளர்கிறார்கள்.

சல்லன்பெர்கர் கேப்டனை எல்லோருக்கும் தெரியும், 2009இல் 155 பேரோடு விமானத்தை நியூயார்க் ஹட்சன் ஆற்றில் இறக்கியவர். அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? தன் சம்பளம் நாற்பது விழுக்காடு வெட்டப்பட்டது, ஓய்வூதியமும் போய்விட்டது, தன் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று விரும்புகிற விமானி ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்றார். அத்தையின் கேள்விக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

வலது_சீட்டு | திங்கள், காலை 6.12

அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அந்தச் சாட்சி பழசு. அதே அமெரிக்காவில் 2023இல் டெல்டா விமானிகள் போட்ட ஒப்பந்தத்தில் நாலு வருஷத்தில் 34 விழுக்காடு உயர்வு. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. இந்தத் தொழில் அலை மாதிரி ஏறும், இறங்கும். ஏறும்போது ஓய்வு பெற்றால் 'அருமையான தொழில்' என்பார்கள், இறங்கும்போது ஓய்வு பெற்றால் 'பிள்ளைகளை அனுப்பாதே' என்பார்கள்.

வளைகுடா_வாசி | திங்கள், காலை 9.03

சரி தம்பி, ஆனால் எந்த அலையில் போய் விழுவோம் என்று இருபது வயசில் மூன்று லட்சம் கட்டும்போது யாருக்குத் தெரியும்? நம் நாட்டிலேயே பாருங்கள். 2014இல் மார்ச்சில் எம்எச்370 காணாமல் போனது, ஜூலையில் எம்எச்17 சுட்டு வீழ்த்தப்பட்டது. அடுத்த வருஷம் மறுசீரமைப்பு என்று மாஸில், அதாவது மலேசியா ஏர்லைன்ஸில், ஆறாயிரம் வேலை போனது. அஞ்சு வருஷம் தாண்டினால் கொரோனா. அந்த இடைவெளிக்குள் படித்து முடித்து வெளியே வந்த பையன்களை எண்ணிப் பார்த்தீர்களா? லைசன்ஸ் கையில், சீட் இல்லை.

ஹேங்கர்_ஆள் | திங்கள், பிற்பகல் 1.40

நான் விமானி இல்லை, பராமரிப்பு இன்ஜினியர். ஆனால் இருபது வருஷமாக விமானிகளின் கையெழுத்தைப் படிக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

விமானத்தில் ஏதாவது கோளாறு என்றால் டெக் லாக் என்ற புத்தகத்தில் எழுதிவிட்டுப் போவார்கள். வேலையில் மனசு விட்டுப் போனவர் 'இடது பேக் சரியில்லை' என்று ஒரு வரி எழுதுவார். ஏசி பேக்கைத்தான் சொல்கிறார். சரியில்லை என்றால் சூடா, குளிரா, சத்தமா? ஏறும்போதா, இறங்கும்போதா? இரவு இரண்டு மணிக்கு நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டு எல்லாவற்றையும் திறந்து பார்ப்போம்.

இன்னொரு வகை இருக்கிறார்கள். எத்தனை ஆயிரம் அடியில், எந்த நேரத்தில், வெப்பம் எத்தனை, எந்த சுவிட்சைத் திருப்பிப் பார்த்தோம், திருப்பியதும் என்ன ஆனது, எல்லாம் இரண்டு மூன்று வரியில் அழகாக எழுதியிருக்கும். சிலர் கீழே இறங்கி வந்து, 'காலையில் இந்த விமானம் எங்கே போகிறது, சரியாகிவிடுமா' என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும், இருந்தும் கேட்பார்கள். இந்த இரண்டாவது வகையில் இளசுகளைவிட நரைத்த தலைகள்தான் அதிகம். எங்கள் ஹேங்கரில் வருகிற புத்தகங்களை வைத்துச் சொல்கிறேன், எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம்.

நாலு_கோடு | திங்கள், இரவு 8.20

ஹேங்கர்_ஆள் சொன்னதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஒரு வரி எழுதியவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும்.

வளைகுடா_வாசி தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. எனக்கும் பிடிக்காத வருஷங்கள் இருந்தன என்று முதலிலேயே சொன்னேன். எது பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, கதவு. 2001 செப்டம்பருக்கு முன்னால் விமானம் மேலே போனதும் பிள்ளைகளை உள்ளே விடுவோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சிலர் முதல் தடவை பினாங்குக்குப் பறந்தபோது நான் கேப்டன். உள்ளே வந்த பையன் ஒருவன் ஒன்றையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, 'அண்ணே, மழை வந்தால் வைப்பர் இருக்கா?' என்று கேட்டான். இருக்கிறது என்று போட்டுக் காட்டினேன். அப்புறம் கதவை இரும்பாக்கிப் பூட்டினார்கள். அது நியாயம்தான், நானே பூட்டியிருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு நான் யாரைச் சுமந்து போகிறேன் என்பதை அறிவிப்பு மைக் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்று பயம். விமானத்தைக் கண்டு இல்லை, டாக்டரைக் கண்டு. மெடிக்கல் வருஷத்துக்கு ஒரு தரம், அறுபதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். ஈசிஜி, காது, கண், சர்க்கரை. ஒரு கோடு கோணலாக வந்தால் அன்றோடு தோளில் இருக்கும் கேப்டனின் நாலு கோடும் போகும். நம் ஆட்களுக்குச் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் சொத்து மாதிரி வழிவழியாக வருகிறது. நான் நாசி லெமாக்கை ஆசையாகச் சாப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. மனசு சரியில்லை என்றால் இன்னும் மோசம், யாரிடமும் சொல்ல மாட்டார்கள், சொன்னால் லைசன்ஸ் போய்விடும் என்று. 2015இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே மலையில் மோதிய பிறகு ஐரோப்பாவில் கண் விழித்தார்கள். விமானிகள் சக விமானியிடமே மனம் விட்டுப் பேச ஓர் ஏற்பாட்டை 2021 முதல் கட்டாயம் ஆக்கினார்கள். நான் ஓட்டிய காலத்தில் எங்களுக்கு இருந்தது ஹோட்டல் அறைதான்.

அப்புறம் சிம், அதாவது சிமுலேட்டர் சோதனை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம், நாலு மணி நேரம். ஓடுபாதையில் ஓடி, இனி நிறுத்த முடியாது என்கிற வேகத்தைத் தொட்டதும் ஒரு இன்ஜினை அணைப்பார்கள். ஒரு காலால் வால் திருப்பும் ரடரை மிதித்து நேராகப் பிடித்து ஏற்ற வேண்டும். இருபது வருஷ கேப்டனாக இருந்தாலும் வேர்க்கும். இருந்தாலும், ஒன்று சொல்லட்டுமா? சிம் முடிந்து வெளியே வந்து மாமாக் கடையில் தே தாரிக் குடிக்கும்போது 'இன்னும் முடிகிறது' என்று ஒரு எண்ணம் வரும். வேறு எந்த உத்தியோகத்தில் ஐம்பத்தெட்டு வயது ஆளை வருஷத்துக்கு இரண்டு தடவை உட்கார வைத்து, 'உன் வேலை உனக்கு இன்னும் தெரியுமா' என்று கேட்கிறார்கள்? துரைமார்களை அப்படிக் கேட்டிருந்தால் பாதித் தோட்டம் காலியாகியிருக்கும்.

வலது_சீட்டு | திங்கள், இரவு 9.02

கேப்டன், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். அவ்வளவு பிடித்த வேலையைப் பெரியவர்கள் விட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் நாங்கள் எப்போது கேப்டனின் இடது சீட்டுக்கு வருவது? விமானிக்கு வயசு வரம்பு முன்னால் 60 என்று இருந்ததை 2006இல் உலக சிவில் விமான அமைப்பான ஐக்காவோ 65 ஆக்கியது. 67 ஆக்குங்கள் என்று 2025இல் விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா கேட்டது. மூப்புப் பட்டியல் வைத்து நடக்கிற நிறுவனங்களில் மேலே ஒருவர் போனால்தான் கீழே ஒருவர் ஏறுவார். நிறுவனம் மாறினால் பட்டியலின் கடைசியில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். எனக்கு இப்போது பிடிக்காதது இது ஒன்றுதான். திறமை போதாமல் நிற்கவில்லை, வரிசையில் நிற்கிறேன்.

நாலு_கோடு | திங்கள், இரவு 9.30

நானும் அந்த வரிசையில் நின்றவன்தான் தம்பி. எனக்கு முன்னால் இருந்தவரைச் சபித்திருக்கிறேன், அவர் நல்லவர் வேறு. 67 வேண்டாம் என்பதுதான் என் கருத்தும். ஆனால் காரணம் உன் வரிசை இல்லை. இரவு இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் ஓட்ட 63இல் எனக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மூளை வேலை செய்யும், ஆனால் கேட்ட நம்பரை இரண்டு தடவை கேட்கும்.

ரோஸ்டர்_மனைவி | திங்கள், இரவு 9.41

எங்கள் வீட்டில் அதை 50இலேயே பார்க்கிறேன், ஐயா.

வளைகுடா_வாசி | செவ்வாய், அதிகாலை 3.15

தூக்கம் வரவில்லை, அதனால் இன்னும் ஒன்று. நான் பிடிக்கவில்லை என்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி போன் செய்தாள். 'அப்படியானால் சரவாக்கில் அந்தச் சின்ன ட்வின் ஓட்டர் விமானம் ஓட்டிய காலத்தைப் பற்றியும் எழுதுங்கள்' என்றாள். அவள் சொல்வது நியாயம்.

பாரியோ, பா கெலாலான் எல்லாம் மலை மேல் இருக்கிற சின்ன ஊர்கள். சின்ன ஓடுபாதை, சுற்றிலும் மலை, பகலானால் மேகம் மூடிவிடும், காலையிலேயே போய்விட வேண்டும். ஆட்டோபைலட் என்ற பேச்சே கிடையாது. ஏறுகிற ஆட்களையும் மூட்டையோடு தராசில் நிறுத்தி எடை பார்ப்போம். ஒரு பாட்டி பாரியோ அரிசி மூட்டையோடு தராசில் ஏறி நின்று சிரித்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. மாதக் கடைசியில் பணம் கொஞ்சமாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து போகக் கசந்ததே இல்லை.

ஆக, அத்தை, தொழில் ஒன்றுதான். என்ன விமானம், எத்தனை மணி நேரம், வீடு எத்தனை தூரம், இதில்தான் எல்லாம் இருக்கிறது. சம்பளம் கூடக் கூட விமானம் பெரிசாகும், ஓட்டுவது குறையும். பையனிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஹேங்கர்_ஆள் | செவ்வாய், காலை 8.50

வளைகுடா அண்ணே, அந்த ட்வின் ஓட்டர் ஆட்களின் டெக் லாக்கை நான் பார்த்ததில்லை, ஆனால் இரண்டு வரிக்குக் குறையாமல் எழுதியிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

பந்திங்_அத்தை | செவ்வாய், இரவு 8.05

எல்லோருக்கும் நன்றி. அண்ணனையும் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து முழுதையும் வாசித்துக் காட்டினேன். பையன், வளைகுடா தம்பி எழுதிய முதல் பதிவில் முகம் சுண்டிப்போனான், இரண்டாவது பதிவில் தலை நிமிர்ந்தான். அண்ணன் ஒன்றுமே பேசாமல் கேட்டுவிட்டு, 'அந்த ரோஸ்டரை ஒரு தடவை பார்க்க முடியுமா' என்று மட்டும் கேட்டார்.

இப்போதைக்கு நிலத்தை விற்பதாக இல்லை. முதலில் என்ன செய்ய வேண்டும்? அவன் கண்ணாடி போடுகிறவன், அதுவே தடையா?

ரோஸ்டர்_மனைவி | செவ்வாய், இரவு 8.22

ரோஸ்டர் தாளைக் காட்டச் சொல்லி வீட்டுக்காரரிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆஃப். கூட்டிக்கொண்டு வாருங்கள் அக்கா, மதியத்துக்கு மேல் வாருங்கள்.

நாலு_கோடு | செவ்வாய், இரவு 9.15

கண்ணாடி தடை இல்லை. கண்ணாடியோடு பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 வந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு ஜோடி பையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது நிறப் பார்வை. புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தில் எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அதில் தடுமாறுகிறவர்களுக்கு அதற்கு முன் வரை தெரிந்தே இருக்காது.

அதனால் பள்ளிக்கு ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் முதல் வகுப்பு மெடிக்கலை எடுத்துவிடுங்கள். சாதாரண கிளினிக் சான்றிதழ் செல்லாது, சிவில் விமானத் துறை அங்கீகரித்த டாக்டரிடம்தான் எடுக்க வேண்டும். முந்தின இரவு பையனைத் தூங்க விடுங்கள், பலகாரம் கொடுக்காதீர்கள்.

லோரி_மோரிப் | செவ்வாய், இரவு 9.28

மெடிக்கலுக்குப் போக வண்டி வேண்டும் என்றால் சொல்லுங்கள் அக்கா, எனக்கு வியாழக்கிழமை குலை இல்லை. லோரியில் இல்லை, காரில்தான்.

பந்திங்_அத்தை | செவ்வாய், இரவு 9.44

வியாழன் சரி, தம்பி. டாக்டரிடம் நேரம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.